மரகதத்தின் முழங்கை

மரகதம் எங்கள் வீட்டுக்கு வந்தது 2023 ஜூலை கடைசியில். ஆடிக் காற்று கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். சென்னையில் வேலை பார்த்த என் அண்ணன் மகன் வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, நண்பனுடைய காரில் கல்லிடைக்குறிச்சி வரை வந்து ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைத்தான். உள்ளே ஒரு பச்சோந்தி. நம் ஊர் உடைமரத்தில் திரிகிற வகை இல்லை. ஏமன் நாட்டிலும் அதை ஒட்டிய சவுதி மலைகளிலும் இருக்கிற இனம். தலைக்கு மேலே கோபுரம் வைத்தது மாதிரி ஒரு கொண்டை.

“அத்தை, நீ வீட்டிலயே இருந்து தைக்கிற. ஒரு வருஷம் பாத்துக்கோ. ரெண்டு புழு போட்டா போதும், ஒரு தொந்தரவும் கிடையாது” என்றான்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் துணியில் ஒரு நூல் இழுத்திருந்தாலும் கண்ணில் படும். இதைப் பார்த்ததும் உறுத்தியது கைதான். முன்னங்கால் இரண்டிலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இன்னொரு முழங்கை இருந்தது. நேராக இருக்கவேண்டிய எலும்பு வில் மாதிரி வளைந்து, உடம்பின் பாரம் அந்த வளைவில் நின்றது. கிளையைப் பிடிக்க வேண்டிய கால், பிடிக்காமல் கிளைமேல் சும்மா கிடந்தது.

“ஏல, இது என்னல கை இப்படி வளஞ்சிருக்கு?”

“பிறவியிலயே அப்படித்தான் அத்தை.”

பிறவியில் இல்லை. வாங்கும்போது எடுத்த போட்டோ அவன் போனிலேயே இருந்தது. மார்ச் மாதப் படம். அதில் கை நேராக இருக்கிறது. தினமும் கூடவே இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாசமாகத்தான் வைத்திருந்தான். பசிக்கு மேலேயே போட்டிருந்தான். கையை வளைத்த இந்த எலும்பு நோய் பட்டினியால் வருவதில்லை என்பதுதான் இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே எலும்பு கரைந்து போகும்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பெட்டிக்குள் ‘தொப்’ என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் கீழே விழுந்து கிடக்கிறது. எடுத்துக் கிளையில் வைத்தேன். மறுபடி விழுந்தது. மறுநாள் காலையில் ஒரு புழுவைக் காட்டினேன். கண் இரண்டையும் முன்னால் திருப்பிக் குறி பார்த்தது, வாயைத் திறந்தது. நாக்கு ஒரு விரல்கடை நீளம் வெளியே வந்து அப்படியே தொங்கியது. பச்சோந்தியின் நாக்கு அதன் உடம்பைவிட நீளமாகப் பாய வேண்டியது. தொங்குகிற நாக்கைத் திரும்ப உள்ளே இழுக்க அது பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கையில் இருந்த துணியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

ஊரில் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள், எல்லாம் நல்ல மனதோடுதான். ஆனால் அதில் சில ஆபத்தானவை, அதனால் எழுதுகிறேன். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றதும் அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். அது கூடவே கூடாது. அது காரம், வாயையும் குடலையும் வேக வைத்துவிடும். முட்டை ஓட்டிலும் கடல் நுரை என்கிற கணவாய் ஓட்டிலும் இருக்கிற சுண்ணாம்பு வேறு, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு வேறு. மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அண்ணாச்சி கறவை மாட்டுக்கு ஊற்றுகிற கால்சியம் டானிக்கைக் கொண்டுவந்து தந்தார். லேபிளைப் படித்தால் கால்சியத்தோடு பாஸ்பரஸும் இருந்தது. மாட்டுக்கு அது சரி. இந்த நோயில் பாஸ்பரஸ் ஏற்கெனவே கூடிப்போனதுதான் பாதிப் பிரச்சினை. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையைக் குத்திப் பிழிந்து விடலாம் என்றது இன்னொரு யோசனை. அதில் ஏ வைட்டமினும் டி வைட்டமினும் நிறைய. இவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலே விஷம் மாதிரி. பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டினேன், கையைக் கூடத் தொட்டுப் பார்க்காமல் சத்து ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் வீணாகப் போனது.

அப்புறம்தான் ராமையன்பட்டி போகலாம் என்று முடிவெடுத்தேன். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் அங்கே இருக்கிறது. ஆடு, மாடு, நாய்க்கு மட்டும்தான் என்று நாமாக நினைத்துக்கொண்டு பலர் போவதில்லை. பஸ்ஸில் போனால் குலுக்கலில் எலும்பு முறிந்துவிடும் என்று பயந்து, செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கவில்லை. மூங்கில் கூடையில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு குச்சியைக் கிடையாக வைத்துக் கட்டி, அதில் உட்கார வைத்து, கூடையை வெள்ளைத் துணியால் மூடிவிட்டேன். இருட்டாக இருந்தால் பயம் குறையும். சேரன்மகாதேவி தாண்டும்வரை ஒரு கையால் கூடையை மடியிலேயே பிடித்திருந்தேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நம் கை எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் இல்லையா? இதில் சதை எது எலும்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாம்பல் நிறத்தில் நூல் நூலாக ஏதோ தெரிந்தது. விலா எலும்பில் இரண்டு இடத்தில் மடிப்பு. டாக்டர் அதைக் காட்டி நிதானமாகச் சொன்னதை, எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் குறையவே கூடாது. குறைந்தால் தசை இழுக்கும், இதயம் நிற்கும். அதனால் சாப்பாட்டில் கால்சியம் வராதபோது, கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் இல்லாமல் கூரை ஓட்டைக் கழற்றி விற்பது மாதிரி. வெளியே பார்க்கப் பிராணி சாதாரணமாக இருக்கும். எலும்பு ரப்பராகிக்கொண்டே வரும். பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், வேண்டியதோ நேர்மாறு. பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு கால்சியம் இருந்தால் நல்லது. அது மட்டும் போதாது. குடலில் இறங்கிய கால்சியத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். அதைத் தயாரிக்கிற வேலை தோலில் தொடங்குகிறது. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரில் பி வகை, கிட்டத்தட்ட 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது, தோலில் பட வேண்டும்.

“வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள்?” என்று கேட்டார்.

“ஜன்னல் ஓரமாத்தான் சார். நல்ல வெளிச்சமாம்.”

“ஜன்னல் கண்ணாடி மூடியா, திறந்தா?”

மூடி. ஏழாவது மாடி ஃப்ளாட். ஏசி அறை. கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், இந்தக் கதிரை விடாது. அதாவது நாலு மாதமாக வெயிலைப் பார்த்துக்கொண்டே வெயில் இல்லாமல் இருந்திருக்கிறது. பெட்டிமேல் மாட்டியிருந்த விளக்கு ஊதா நிறமாக எரியும், அதனால் அதுதான் புற ஊதா விளக்கு என்று அவன் நம்பியிருக்கிறான். புற ஊதா கண்ணுக்குத் தெரியாது. ஊதாவாக எரிகிற பல்பு பெரும்பாலும் வெறும் நிறம்தான். சாப்பாடும் பெரும்பாலும் மாவுப்புழு மட்டும். வளர்க்கச் சுலபம், ஃப்ரிட்ஜில் கூட வைக்கலாம் என்று வாங்கியிருக்கிறான். பாஸ்பரஸ் கணக்கில் அது மோசமான தீனிகளில் ஒன்று.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இந்த இனத்தில் ஆணுக்குப் பின்னங்கால் குதியில் குஞ்சிலேயே ஒரு சின்ன முள் இருக்கும். இதற்கு இல்லை. பெண். அதுவரை ‘அது’ என்று இருந்தவளுக்குத் திரும்பி வருகிற ரயிலில்தான் மரகதம் என்று பெயர் வைத்தேன். பெண் என்பதில் ஒரு பயமும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எடை 41 கிராம். அதற்கு ஏற்றபடி ஓர் ஊசியும், வாய்வழியாகக் கொடுக்கக் கால்சியச் சொட்டு மருந்தும் எழுதினார்கள். அளவை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எடையைப் பார்த்து, ரத்தத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. கால்சியமும் டி3யும் கூடினால் சிறுநீரகத்தில் படியும்.

மருந்து கொடுப்பதே ஒரு வித்தை. தாடை ரப்பர் மாதிரி இருக்கிறது. வாயை விரலால் பிளந்தால் தாடையே முறிந்துபோகும். நான் செய்தது இது. ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் மருந்தை எடுத்து, மேல் உதட்டின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு. அது உதட்டில் பரவும். கொஞ்ச நேரத்தில் அவளே நக்கிக்கொள்வாள். அடுத்த சொட்டு. மொத்தமும் இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு உள்ளே பீய்ச்சினால் நாக்கின் அடியில் இருக்கிற மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பொழுது விடிந்து உடம்பு சூடான பிறகே மருந்து. குளிர்ந்த உடம்பில் எதுவும் செரிக்காது.

கூண்டை அன்றைக்கே மாற்றினேன். உயரம் கூடாது. மொத்த உயரமே ஒன்றரை அடி. தரையில் பத்தமடைக் கோரைப்பாய்த் துண்டை விரித்து அதன்மேல் துண்டு. கிளைகளைக் கிடையாக, பென்சில் பருமனில், நெருக்கமாகக் கட்டினேன். வழவழப்பான பிளாஸ்டிக் கொடி வேண்டாம். கொய்யாக் குச்சி பிடிக்கச் சொரசொரப்பாக இருக்கும். நடுவில் தொட்டிச் செம்பருத்தி ஒன்று. இந்த இனம் இலையும் தின்னும், செம்பருத்தி அதற்கு ஆகாதது இல்லை. இவளை மேலிருந்து பிடித்துத் தூக்கவே கூடாது. விலா நொறுங்கும். கிளையிலிருந்து பிய்த்து எடுக்கவும் கூடாது. கையை அவள் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் காத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் ஆகும். ஒரு காலை எடுத்து என் விரலில் வைப்பாள், யோசிப்பாள், திரும்ப எடுப்பாள், மறுபடி வைப்பாள்.

நல்ல புற ஊதா விளக்கு ஒன்று வரவழைத்தேன். குழல்விளக்கு மாதிரி நீளமானது, 5.0 என்று அச்சிட்டிருக்கும். சட்டத்தோடு சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் ஆனது. இரண்டு பட்டுப் பிளவுஸ் ஆரி வேலைக்கூலி. இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. வருடம் ஒன்று ஆனால் கண்ணுக்கு அதே வெளிச்சமாகத்தான் எரியும், ஆனால் வேண்டிய கதிர் குறைந்துபோயிருக்கும். மாட்டிய தேதியைச் சட்டத்திலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன்.

ஆனாலும் என் நம்பிக்கை விளக்கில் இல்லை. நாம் இருப்பது திருநெல்வேலிச் சீமை. வெயிலுக்குப் பஞ்சம் இல்லாத ஊர். துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்டைச் சுற்றி நெட் துணி தைத்து ஒரு வெயில் கூண்டு செய்து தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்தேன். முதல் தடவை தைத்த நெட்டின் கண் ரொம்பச் சின்னது. இரண்டாம் நாள் அவள் நகம் அதில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன், கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். ரத்தம் ஒரு துளி. அன்று ராத்திரியே பிரித்து, நகம் போய் வருகிற அளவுக்குக் கண் பெரிதான துணியில் மறுபடி தைத்தேன். பெரிய கண் இன்னொரு வகையிலும் நல்லது, நெருக்கமான வலை கதிரில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

காலை எட்டு மணி வெயிலில் முதலில் பத்து நிமிடம், அப்புறம் இருபது, அப்புறம் அரை மணி. கூண்டின் பாதி எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் வாழை இலை ஒன்றைத் தொங்கவிட்டு அதில் தண்ணீர் தெளித்திருப்பேன். வெயில் வேண்டும் என்றால் வெளிநிறம் கரும்பச்சையாகும், உடம்பைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டுவாள். போதும் என்றால் நிறம் வெளிறும். வாயைப் பிளந்து மூச்சு விட்டால் அது நம் தவறு, அதற்கு முன்பே நிழலுக்கு வழி இருந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியை மட்டும் ஒருநாளும் வெயிலில் வைக்காதீர்கள். கால் மணியில் உள்ளே வெந்துவிடும். பெட்டியை நான் அரிசி கொட்டி வைக்க எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் இங்கே சாரல். சில நாள் வெயிலே வராது. தட்டட்டிக்கும் கீழுக்கும் ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குவேன். மேகம் விலகினால் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அம்மா, “பெத்த பிள்ளைக்குக் கூட நீ இப்படி ஓடலட்டி” என்றாள். சொன்னவள்தான், நான் தையலில் இருக்கும்போது, “ஏட்டி, வெயில் வந்துட்டு” என்று கீழேயிருந்து குரல் கொடுக்கவும் தொடங்கினாள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நிறையப் பேர் பூச்சிமேல் கால்சியப் பொடியைத் தூவினால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பூச்சியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். கிரிக்கெட் பூச்சியை, நம் பக்கம் சுவர்க்கோழி என்போமே, முட்டைத் தட்டு போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தேன். அதற்குத் தீனி முருங்கைக்கீரை. நூறு கிராம் பச்சைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். புறக்கடையில் மரம் நிற்கிறது, காசு கிடையாது. பாலக்கீரையைப் போடக்கூடாது, அதில் இருக்கிற ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு நாள் முழுக்க முருங்கை தின்ற பூச்சியைத்தான் மரகதத்துக்குக் கொடுப்பேன். மேலே தூவக் கடல் நுரையை அம்மியில் இடித்து, வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, மாவு மாதிரி எடுத்துக்கொள்வேன். பறவைக் கடையில் கிடைக்கிற அதே கணவாய் ஓடுதான். பூச்சிமேல் லேசாகப் பனி படிந்த மாதிரி இருந்தால் போதும், அப்பினால் தின்னாமல் ஒதுக்கிவிடும்.

தெருப் பையன்கள் வயலிலிருந்து வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஆசையைத் தடுக்க மனம் வரவில்லை, ஆனாலும் வாங்கவில்லை. அது கார் நெல் நிற்கிற நேரம், எந்த வயலில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வாழைத் தோட்டத்துப் பூச்சியும் அப்படித்தான். மின்மினியை மட்டும் எந்தக் காலத்திலும் கொடுக்காதீர்கள். அதன் உடம்பில் பல்லி இனத்தைக் கொல்கிற விஷம் உண்டு.

நாக்கு பாயாததால் ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோர்க்கிற முனை மழுங்கிய இடுக்கியால் பூச்சியைப் பிடித்து உதடு வரை கொண்டுபோவேன். அவள் தலையை நீட்டிக் கவ்வுவாள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் பச்சோந்திக்குப் பெரும்பாலும் அது தண்ணீர் என்றே தெரியாது. இலையில் சொட்ட வேண்டும். பழைய குளுக்கோஸ் டியூபைக் கழுவி, செம்பருத்தி இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி கட்டினேன்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. எடை 41, 40, 40, 42. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மனம் விட்டுவிடுவார்கள், இல்லை என்றால் மருந்தை இரண்டு மடங்காக்குவார்கள். நானும் ஒருநாள் டாக்டருக்குப் போன் போட்டு, கூட்டலாமா என்று கேட்டேன். “எலும்பு கொத்தனார் வேலைம்மா, பூச்சு காயணும்” என்றார். பூச்சு காய்ந்தது முதலில் தெரிந்தது ராத்திரியில். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரமாக ‘தொப்’ சத்தம் கேட்கவில்லை என்பது திடீரென்று உறைத்தது. அப்புறம் என் விரலில் ஏறும்போது பிடி இறுகியது. நகம் தோலில் பதிந்து நாலைந்து வெள்ளைப் புள்ளி விழுந்தது. அந்தக் கையை நான் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தேன்.

நாக்கு வந்தது அக்டோபரில், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். இடுக்கியில் பூச்சியோடு வந்துகொண்டிருந்தேன். இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது. ‘டப்’ என்று இடுக்கி ஆடியது. பார்த்தால் நுனியில் பூச்சி இல்லை. அவள் மென்றுகொண்டிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது பூச்சியை அம்மாதான் பிடித்தாள், அவள் கையிலிருந்தும் போனது.

டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி இரு கரையும் புரண்டது. எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது, கரண்ட் மூன்று நாள் இல்லை. விளக்கும் கிடையாது, வெயிலும் கிடையாது. பதறிப்போனேன். ஆனால் மூன்று நாளில் எலும்பு கரையாது, உடம்பில் கொஞ்சம் டி3 சேமிப்பு இருக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடாதது, பாவம் என்று வயிறு நிறையக் கொடுப்பது. சூடு இல்லாமல் தின்றது செரிக்காமல் உள்ளேயே அழுகும். தண்ணீர் மட்டும் கொடுத்து, கூண்டைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டி, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வைத்தோம். மூன்றாம் நாள் ஒரே ஒரு சின்னப் பூச்சி. நாலாம் நாள் வெயில்.

பெண் என்பதால் ஒரு பயம் என்று சொன்னேனே, அது தை மாதம் வந்தது. இந்த இனத்தில் ஆண் இல்லாமலே பெண் முட்டை வைக்கும், நம் வீட்டுக் கோழி மாதிரி. ஒரு ஈட்டில் இருபது, முப்பது, சிலதுக்கு அதற்கும் மேலே. அத்தனை ஓட்டுக்கும் கால்சியம் அவள் எலும்பிலிருந்துதான் போக வேண்டும். இப்போதுதான் கட்டிய சுவரிலிருந்து செங்கல்லை உருவுவது போல. அதனால்தான் டாக்டர் சொன்னபடி நவம்பரிலிருந்தே தீனியை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்து, சூடு விளக்கையும் தள்ளி வைத்திருந்தேன். நிறையத் தின்று, நிறையச் சூடேறினால் முட்டை எண்ணிக்கை கூடும். அப்படியும் ஜனவரியில் உடம்பில் கருமை ஏறி மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி வந்தது. எடை 104. சாப்பாட்டை விட்டாள், கூண்டின் தரையில் இறங்கி மூலை மூலையாகச் சுரண்டினாள்.

இந்தச் சுரண்டலைப் பார்த்ததும் மணல் வைத்துவிட வேண்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகும். ஒரு பெயிண்ட் வாளியில் சுத்தமான மணலை ஓரடி உயரத்துக்குப் போட்டு, பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிற ஈரத்துக்குப் பிசைந்து உள்ளே வைத்தேன். சுற்றிலும் சேலை. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும், அதனால் வீட்டில் யாரும் அந்த அறைக்குப் போகவில்லை. ஒரு சின்ன ஓட்டை வழியாக நான் மட்டும் பார்த்தேன். அந்த வளைந்த கைகளால் தோண்டினாள். தோண்டுவாள், நின்று இளைப்பாறுவாள், மறுபடி தோண்டுவாள். ஒரு பகல், ஒரு ராத்திரி. கை முறிந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கியது. மறுநாள் மத்தியானம் குழியை மூடி, மேலே மணலைத் தட்டிச் சமன் செய்துவிட்டு வெளியே வந்தாள். 23 முட்டை. எடை 74. உடம்பெல்லாம் மணல், கண் குழி விழுந்திருந்தது. இருபது நிமிடம் விடாமல் தண்ணீர் குடித்தாள். அடுத்த இரண்டு வாரம் கால்சியம் தூவிய பூச்சி தினமும் கொடுத்தோம்.

மார்ச்சில் மறுபடி எக்ஸ்ரே. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. விலா மடிப்பு இரண்டும் முடிச்சு மாதிரி கூடியிருந்தன. கை வளைவு அப்படியேதான் இருக்கிறது, இனி அது நிமிராது. வளைந்தபடியே கெட்டியாகிவிட்டது. எலும்பு பலமாகும், கோணல் போகாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வனவிலங்குச் சட்டத்தின் நாலாம் அட்டவணையில் வருகிற இது போன்ற வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. அண்ணன் மகனிடம் பில்லைக் கேட்டு வாங்கி விண்ணப்பித்தேன். நம் நாட்டுப் பச்சோந்தியோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. இந்த வெளிநாட்டு வகையையும் வாங்குங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளில் மூன்று மணி நேரம் அதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் தொடவே வேண்டாம். அண்ணன் மகன் போனில், “அடுத்த வருஷம் வந்து எடுத்துக்கிடுதேன் அத்தை” என்றான். “அவ இங்கேயே இருக்கட்டும்பா” என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

போன ஐப்பசியில் ஒரு பையன், மூன்றாவது தெருக்காரன், துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தான். ரோட்டைக் கடந்ததாம், விஷம் என்று பெரியவர் ஒருவர் கம்பெடுத்தாராம், அதற்குள் இவன் தூக்கிவிட்டான். பிரித்தால் நம் ஊர்ப் பச்சோந்தி. வாயைத் திறந்து எங்களைப் பார்த்துச் சீறியது. விஷம் இல்லை, சும்மா பயம் காட்டுகிறது என்று சொல்லி, “எங்க எடுத்த? அங்கயே விடணும்” என்றேன். வாய்க்கால் கரையில் ஓர் உடைமரம். இருவருமாகப் போனோம். துண்டைக் கிளைக்குப் பக்கத்தில் வைத்ததும் முன்னங்காலை நீட்டிப் பிடித்தது. காற்றில் இலை ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடி, அடுத்த காலை எடுத்து வைத்தது. வெயில் நேராக அதன் கைமேல் விழுந்தது. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, ஒரே கோடு. பையன் போகலாமா என்று கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் நின்று அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.